“எண்டிங் புரியல” என்றார்கள், கோளாறு முதல் நிமிடத்தில் இருந்தது

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி செமஸ்டருக்கு மியூசிக் வீடியோ எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எந்த கேமராவை வாடகைக்கு எடுப்பது, எந்த லென்ஸ், லைட்டை எங்கே வைப்பது என்பதற்கெல்லாம் சீனியர்கள் இருக்கிறார்கள், யூடியூப் இருக்கிறது. எடுத்து முடித்ததை நாலு பேருக்குப் போட்டுக் காட்டியதும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்களே, அந்த நேரத்தில் என்ன செய்வது என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ப்ராஜெக்ட் ரெக்கார்டில் ‘ஆடியன்ஸ் ஃபீட்பேக்’ என்று ஒரு தலைப்பு உண்டு. இரண்டு பக்கம் எழுதி ஒட்டினால் மார்க் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த இரண்டு பக்கத்துக்குள்தான் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குப் போய் நான் சேர்த்துவைத்த காசு கரைந்தது, ஒரு நட்பு அறுந்துபோகும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்தது.

எங்களுக்குத் திருச்சி. பாட்டு என் வகுப்புத் தோழன் எழுதி, அவனே மெட்டுப்போட்டுப் பாடியது. அதனால் காப்பிரைட் தலைவலி எதுவும் இல்லை. அவனுடைய அக்கா என்.எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறார். கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை நின்றுகொண்டே இருக்கும் வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளாவில் அது 2018-லேயே வந்துவிட்டது. “சட்டம் வந்துருச்சு, அக்கா இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு” என்று ஒருநாள் கேன்டீனில் அவன் சொன்னான். பாட்டு அங்கிருந்து வந்தது. வீடியோவின் கதையும் சிக்கலானதில்லை. விடியும் முன் அப்பா தன் மகளை சைக்கிளில் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் விடுகிறார். அவள் நாள் முழுக்கக் கடையில் நிற்கிறாள். திரும்பும் பஸ்ஸிலும் இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா கல் உப்பு போட்ட வெந்நீரை ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி அவள் காலடியில் வைக்கிறார். நடுநடுவே நண்பன் மொட்டைமாடியில், பின்னால் மலைக்கோட்டை தெரிய, நின்று பாடுவான்.

எந்தக் கடையும் படம்பிடிக்க இடம் தரவில்லை. கல்லூரி ஆடிட்டோரியத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டு, சொந்தக்காரர்கள் வீட்டுப் பட்டுப்புடவைகளை எல்லாம் வாங்கி அடுக்கி, அதையே கடையாக்கினோம். ‘இது செட்டுன்னு கண்டுபிடிச்சிடுவாங்களோ’ என்கிற பயம்தான் கடைசிவரை எங்களுக்குப் பெரிதாக இருந்தது. கடைசிவரை ஒருத்தர்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எதற்குப் பயந்தோமோ அது யார் கண்ணிலும் படவில்லை.

முதல் ஸ்கிரீனிங் டிபார்ட்மென்ட் செமினார் ஹாலில். ஜன்னல் திரை சரியாக மூடாது, ப்ரொஜெக்டர் வெளிறிப்போய்த் தெரியும், ஹாலின் ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்ததால் ஒருத்தன் தன் ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தான். பாட்டு முடிந்ததும் முதல் வரிசையிலிருந்து ஒரு குரல், “லிப் சிங்க்கே மேட்ச் ஆகலையே!” உதட்டசைவும் பாட்டும் சேரவில்லை என்கிறார். அடுத்து இன்னொருத்தர். அடுத்த நிமிடம் ஹால் முழுக்க அதையே பேச ஆரம்பித்துவிட்டது. பாடியவன் முகம் சுண்டிப்போனது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, தண்ணீர் குடிக்கிற மாதிரி வெளியே போய்விட்டேன். அன்றைக்கே எடிட்டிங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு ஷாட்டையும் இரண்டு ஃப்ரேம் முன்னே, மூன்று ஃப்ரேம் பின்னே என்று நகர்த்த ஆரம்பித்தோம். ராத்திரி ராத்திரியாக இதே வேலை. நகர்த்த நகர்த்த இன்னும் மோசமானது. கடைசியில் ஒரு வயர் ஹெட்செட்டை மாட்டி, யாரும் கை வைக்காத பழைய வெர்ஷனைப் போட்டுப் பார்த்தால், முதல் பாதி கனகச்சிதமாக இருந்தது.

விஷயம் இதுதான். சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் 100 முதல் 200 மில்லி செகண்ட் வரை தாமதமாக வருவது சகஜம். வினாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் டைம்லைனில் ஒரு ஃப்ரேம் 40 மில்லி செகண்ட், ஆக இரண்டரையிலிருந்து ஐந்து ஃப்ரேம் தள்ளிக் கேட்கும். சத்தம் படத்துக்கு முந்தி வந்தால் 45 மில்லி செகண்டிலேயே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், பிந்தி வந்தால் 125 மில்லி செகண்ட் அளவில் கண்டுபிடிப்பார்கள் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று இருக்கிறது. ஹாலில் இருந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே தள்ளித்தான் கேட்டது. தள்ளியது எங்கள் எடிட்டிங் இல்லை, ஸ்பீக்கர். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வயர் ஹெட்செட்டிலும் இரண்டாம் பாதி கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போனது. அந்த ஷாட்களை மொபைலில் எடுத்திருந்தோம். மொபைல் 30 ஃப்ரேம் என்று காட்டினாலும் உள்ளே வேகம் கூடிக் குறைந்துதான் பதிவாகும். நீளமான டேக்கை அப்படியே டைம்லைனில் போட்டால் ஆரம்பத்தில் சேரும், போகப்போக உதடு ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போய்விடும். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு இலவச மென்பொருளில் போட்டு நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே புகார், அதற்குள் பொய்யான காரணம் ஒன்றும் நிஜமான காரணம் ஒன்றும் சேர்ந்து இருந்தன. ஆகவே யாருக்காவது போட்டுக் காட்டும்போது வயர் ஸ்பீக்கரோ வயர் ஹெட்செட்டோ வையுங்கள். “எதுல கேட்டீங்க, எதுல பாத்தீங்க” என்பதைக் கருத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தெரிந்தவர்களுக்கு எல்லாம் யூடியூப் அன்லிஸ்டட் லிங்க்கை வாட்ஸ்ஆப்பில் தட்டிவிட்டோம். வந்த பதில்களைச் சொல்லவா வேண்டும்? “செம டி”, “வேற லெவல்”, “அக்கா மாஸ்”, கூடவே வரிசையாக நெருப்பு எமோஜி. என் அத்தை ஒருவர் பாட்டை முழுக்கப் பார்க்கவே இல்லை, “நல்லா இருக்கு கண்ணு, நீ எப்ப வர்ற ஊருக்கு?” என்று கேட்டார். கூகுள் ஃபார்மும் போட்டோம். பிடித்திருந்ததா, ஒளிப்பதிவுக்கு ஐந்துக்கு எத்தனை, எடிட்டிங்குக்கு ஐந்துக்கு எத்தனை என்று. எல்லாம் நாலு, நாலு, ஐந்து. இந்த எண்களை வைத்து ரெக்கார்டில் அழகான பை சார்ட் போடலாம், வேறு ஒரு புல்லுக்கும் உதவாது. நம்மைத் தெரிந்தவரிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் அவர் நம் மனசு நோகாமல் பார்த்துக்கொள்வாரே தவிர படத்தைப் பார்க்க மாட்டார்.

அந்த ஃபார்மில் உருப்படியாக இருந்தது கடைசியில் சும்மா சேர்த்த ஒரு கேள்விதான், “ஏதாவது புரியாமல் இருந்ததா?” அதில் திரும்பத் திரும்ப வந்த பதில், “எண்டிங் புரியல.” சிலர் இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தார்கள். “கடைசியில வர்ற ஆள் யாரு?” “புருஷன் இவ்ளோ வயசானவரா?” ஒருவர் “அந்தக் கால் சீன் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு” என்றே எழுதிவிட்டார். அப்பா மகளுக்கு வெந்நீர் வைக்கும் காட்சியை ‘ஒரு மாதிரி’ என்று படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தேன்.

எண்டிங்தானே புரியவில்லை, எண்டிங்கை மாற்றுவோம் என்று முடிவானது. யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் வசனம் வை என்றார், ஒருவர் ‘அப்பா’ என்று எழுத்துப் போடு என்றார். கடைசியில் ஜெயித்தது, சுவரில் மாலை போட்ட அம்மா படம் ஒன்றை மாட்டுவது. அம்மா இல்லாத வீடு, ஆகவே இவர் அப்பா, சட்டென்று புரிந்துவிடும் என்று எல்லோரும் தலையாட்டினோம். கேமரா, லென்ஸ், ஒரு நாள் லைட் வாடகை, நடித்த பெண்ணுக்குப் போக வர, எல்லோருக்கும் சாப்பாடு என்று 8,400 ரூபாய். அதில் பெரும்பங்கு என் காசு. இதில் இன்னொரு கூத்து. அப்பாவாக நடித்தவர் ‘பெல்’ (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, நண்பனின் பெரியப்பா. நாங்கள் போன் செய்தபோது அவர் சமயபுரத்தில் நேர்த்திக்கடன் முடித்துவிட்டு மொட்டைத் தலையோடு இருந்தார். “அதுக்கென்னப்பா, தலையில துண்டைக் கட்டிக்கிட்டா ஆச்சு” என்றார். துண்டைக் கட்டி எடுத்தோம்.

புது வெர்ஷனை வேறு ஆட்களுக்கு அனுப்பினோம். இந்தமுறை கேள்வியையும் மாற்றினேன், “இது என்ன கதைன்னு ஒரே வரியில எழுதுங்க” என்று. வந்த பதில்கள்: “அம்மா இறந்துபோன பொண்ணோட சோகம்.” “தாய்ப்பாசம்.” “அம்மா நினைவா மகள் பாடுற பாட்டு.” நின்று நின்று வீங்கிய கால் எங்கேயும் காணோம். நம் ஊரில் மாலை போட்ட படம் ஒன்று ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால் பார்ப்பவர் மனசு முழுக்க அங்கே போய்விடும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் போய் நிற்கும். இத்தோடு விட்டதா என்றால் இல்லை, “துண்டு கட்டினவர் யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?” என்று இரண்டு பேர். 8,400 ரூபாய் கொடுத்து இருந்த கதையையும் தொலைத்துவிட்டு நின்றோம். இந்த இடத்தில் ப்ராஜெக்டே வேண்டாம், டாகுமென்டரி ஏதாவது ஒன்றை ஒப்பேற்றிவிடலாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

விடை கிடைத்தது நண்பனின் அக்காவிடமிருந்து. யாருக்காக எழுதின பாட்டோ, அவருக்கு அதுவரை நாங்கள் காட்டவே இல்லை. முடிந்த பிறகு சர்ப்ரைஸாகக் காட்டலாம் என்று இவன் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகூட அவருக்குக் கடை உண்டு, வாரத்தில் வேறு ஒரு நாள்தான் லீவு. அந்த நாளில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஓரத்தில் கீறல் விழுந்த அவருடைய போனில், வெயில் வெளிச்சத்தில், மொட்டைக்கு முந்தைய பழைய வெர்ஷனைப் போட்டுக் கொடுத்தோம். நான் பேசாமல் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் காட்சியிலேயே போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், கையால் வெயிலை மறைத்தார், அப்புறம் விட்டுவிட்டார். முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி, “காலைல சைக்கிள்ல கொண்டாந்து விடுறது யாருடா? தம்பியா?”

சட்டென்று எனக்கு உறைத்தது. விடியற்காலைக் காட்சியை நிஜமாகவே விடியும் முன் எடுத்திருந்தோம். கிரேடிங், அதாவது நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வது, செய்தது ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு, லேப்டாப் வெளிச்சத்தை முழுதாக வைத்து. அந்தத் திரையில் அப்பாவின் முகச் சுருக்கம்கூட அழகாகத் தெரிந்தது. யூடியூப் தன் பங்குக்கு வீடியோ ஃபைலைச் சுருக்கும்போது இருட்டான பகுதிகள்தான் முதலில் கட்டம் கட்டமாகக் கலங்கும். பாதி வெளிச்சம் வைத்த ஒரு போனில், பகலில், பஸ்ஸில் பார்ப்பவருக்கு அங்கே இருந்தது கறுப்பு நிறத்தில் ஒரு சைக்கிளும் இரண்டு உருவமும் மட்டும்தான். அப்பா என்கிற ஆளே அவர்களுக்கு அறிமுகமாகவில்லை. மூன்றரை நிமிடம் கழித்து முன்பின் தெரியாத ஒரு வயசான ஆண் வந்து ஒரு இளம்பெண்ணின் காலடியில் உட்கார்ந்தால் ‘ஒரு மாதிரி’ இருக்காமல் என்ன செய்யும்? தடுமாறி விழுந்தது கடைசியில், கல் கிடந்தது வாசலில். பார்ப்பவர் விழுந்த இடத்தைத்தான் நமக்குச் சொல்வார். அவர் சொன்னது முழுக்க உண்மை, ஆனால் கல்லைத் தேட வேண்டியது நம் வேலை.

இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவாகவில்லை. சைக்கிள் காட்சியில் நிழல் பகுதிகளை நன்றாக வெளிச்சமாக்கிவிட்டோம். அந்தக் காட்சிக்கு முன்னால் வைக்க, வேகம் குறைகிறது என்று நாங்களே கழித்துப்போட்டிருந்த ஒரு ஷாட்டை ரஷ்ஷஸிலிருந்து (வெட்டாத மொத்தப் பதிவுகள்) தோண்டி எடுத்தோம். வீட்டு வாசலில் டியூப்லைட் வெளிச்சத்தில் அப்பா சைக்கிள் கேரியரைத் துண்டால் துடைத்துவிட்டு, டிபன் பாக்ஸை அவள் கையில் கொடுப்பார், இரண்டு பேர் முகமும் தெளிவாகத் தெரியும். இரண்டு வினாடிதான். எண்டிங்கில் பழைய காட்சியையே, மொட்டைக்கு முன் எடுத்ததையே, திரும்ப வைத்தோம். புது ஆட்களிடம் காட்டியபோது ‘எண்டிங் புரியல’ என்று ஒருவரும் எழுதவில்லை. ஆகவே, யாராவது ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டினால் அந்த இடத்தை வெட்டுவதற்கு முன் அதுவரை அவர் என்னவெல்லாம் புரிந்துகொண்டார் என்று கேளுங்கள். “இந்த ஆளு யாருன்னு நினைச்சீங்க? முன்னாடி எங்கேயாவது பாத்தீங்களா?” என்பது போதும். எக்ஸ்போர்ட் செய்ததை மலிவான ஒரு போனில், பாதி வெளிச்சத்தில், வெயிலில் நின்று ஒருதரம் பாருங்கள்.

இதே மாதிரி இன்னொன்று. ஒரு பெண் “கடைக்குள்ள வர்ற சீன் பாத்தா தலைவலி வருது” என்று எழுதியிருந்தாள். எடிட்டிங் வேகமாக இருக்கிறது போல என்று கட்களைக் குறைத்துப் பார்த்தோம், திரும்பவும் அதே புகார். காரணம் ஆடிட்டோரியத்து விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் கேமராவில் அது தெரியாது. கேமராவில் அப்படித்தான் வைத்திருந்தோம், மொபைலை ஆட்டோவில் விட்டிருந்தோம். அந்த ஷாட்களில் மட்டும் லேசாக ஒரு பட்டை மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது, நமக்குக் கண் பழகிவிட்டதால் தெரியவில்லை. இதைச் சரிசெய்யும் வசதி டாவின்சி ரிசால்வின் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் உண்டு, இலவசத்தில் இல்லை. அந்த ஷாட்களைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

அக்கா தன்னோடு வேலை பார்க்கும் நாலைந்து பேருக்கும் காட்டினார். அவர்கள் சொன்னது எதுவும் எங்கள் வகுப்பில் யாருக்கும் தோன்றியிருக்காது. “ஸ்டூல் போட்டிருக்காங்க, இல்லைங்கல. கஸ்டமர் இருக்கும்போது உக்காந்தா பாக்குற பார்வை இருக்கே, அதுக்கு நிக்கிறதே தேவல” என்றார் ஒருவர். எங்கள் வீடியோவில் கடையில் ஸ்டூலே இல்லை. காலியாக ஒரு ஸ்டூல் இருந்து, அதன் பக்கத்தில் அவள் நிற்பதுதான் நிஜம் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னொருவர், “கஸ்டமர் போனப்புறம் பிரிச்சுப்போட்ட புடவையெல்லாம் மடிக்கணும் பாருங்க, அதைக் காட்டவே இல்லையே” என்று கேட்டார். “டீ டைம்ல பின்னாடி அட்டைப்பெட்டி மேல அஞ்சு நிமிசம் உக்காருவோம், அதான் சொர்க்கம்” என்றும் சொன்னார்கள். இந்த மூன்றையும் ஒரு மதியத்தில், காலேஜ் கேமராவிலேயே எடுத்துச் சேர்த்தோம். உங்கள் வீடியோ யாரைப் பற்றியதோ அவர்களுக்கு ரஃப் கட்டிலேயே, அதாவது முதல் கரட்டு எடிட்டிலேயே, காட்டிவிடுங்கள். சர்ப்ரைஸ் எல்லாம் பிறந்தநாள் கேக்குக்குப் போதும்.

எல்லாக் கருத்தையும் கேட்டு மாற்ற வேண்டுமா என்றால், கிடையாது. அதே கடைத்தெருவில் சூப்பர்வைசராக இருக்கும் தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டுப் பொரிந்து தள்ளினார். “நான் இருபது வருசமா நிக்கிறேன். வேலைன்னா நிக்கத்தான் வேணும். நீங்க ஏசி ரூம்ல உக்காந்து பாட்டு எழுதுவீங்க.” முதலில் நண்பன் பயந்துபோய் அந்த வரியை மாற்றலாமா, இந்த வரியைக் குறைக்கலாமா என்று ஆரம்பித்தான். அப்போதுதான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஸ்டூவர்ட் ஹால் எனக்கு முதல்முறையாக உபயோகப்பட்டார். 1973-இல் அவர் எழுதியதன் சாரம், ஒரு படைப்பைப் பார்ப்பவர் மூன்று விதமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது. நாம் சொன்னதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி தள்ளலாம், முழுக்கப் புரிந்துகொண்டே எதிர்க்கலாம். சூப்பர்வைசர் மூன்றாவது ரகம். அவருக்கு ஒவ்வொரு ஷாட்டும் புரிந்திருந்தது, புரிந்ததால்தான் கோபம். ‘புருஷனா’ என்று கேட்டவருக்கோ புரியவே இல்லை. புரியாதவருக்காக எடிட்டிங்கை மாற்றலாம், மாற்றியே ஆக வேண்டும். உடன்படாதவருக்காக மாற்றினால் பாட்டில் எதுவும் மிஞ்சாது. வந்த கருத்துகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, எது புரியாமல் வந்தது, எது பிடிக்காமல் வந்தது என்று பிரித்துப் பார்த்ததில் எங்கள் சண்டைகளில் பாதி குறைந்தது.

மீதிப் பாதி குறையவில்லை, ஏனென்றால் சில கருத்துகள் குரலைப் பற்றியவை. “பாட்டு ஓகே, வாய்ஸ்தான் செட் ஆகல” என்று வந்த ஒன்றை நான் அப்படியே குரூப்பில் ஃபார்வர்ட் செய்தேன். பாடிய நண்பன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. குரலை மாற்ற நேரமும் இல்லை, ஸ்டூடியோ காசும் இல்லை என்று தெரிந்த பிறகு அந்தக் கருத்தால் யாருக்கு என்ன லாபம்? எதை இனிமேல் மாற்ற முடியாதோ அதைப் பற்றிக் கேள்வியே கேட்காதீர்கள், தானாக வந்தாலும் ஒருவர் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் கருத்துகளை வாங்குகிற ஆள், பாடியவரோ நடித்தவரோ இயக்கியவரோ இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்குப் புரொடக்‌ஷன் பார்த்த பெண் கடைசியில் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அவள்தான் இவனை டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சமாதானமும் செய்துவைத்தாள்.

பொதுவில் வெளியிட்ட பிறகு யூடியூப் ஸ்டூடியோவில் ஒரு வரைபடம் வரும், எந்த வினாடியில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று. வீடியோ ஏறியதும் அதையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதல் சில நாள் பார்ப்பவர்கள் எல்லாம் நம் வகுப்பும் நம் சொந்தமும்தான். எங்கள் வரைபடத்தில் கடைசியில் ஒரு பெரிய மேடு இருந்தது. எண்டிங் பிடித்துப்போய்த் திரும்பப் பார்க்கிறார்கள் என்று துள்ளிக் குதித்தோம். பார்த்தால், நன்றி கார்டில் தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள்! தெரியாதவர்கள் பார்க்க ஆரம்பித்த பிறகு அந்த மேடு தேய்ந்து, வேறொன்று எழும்பியது. கஸ்டமர் புடவையை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கவுன்ட்டருக்குக் கீழே அவள் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் கொஞ்ச நேரம் சார்த்தி வைப்பாள், மேலே முகத்தில் சிரிப்பு மாறாது. நடித்த பெண் தானாகச் செய்தது அது. அந்த ஷாட்டை இரண்டு முறை வெட்டிவிட்டு இரண்டு முறை திரும்ப வைத்திருந்தோம். மேடு என்றால் பிடித்தது என்றும் அர்த்தமாகலாம், புரியாமல் திரும்ப ஓட்டினார்கள் என்றும் அர்த்தமாகலாம். வரைபடம் இடத்தை மட்டும் காட்டும், காரணத்தை ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். இறங்கிய இடங்களில் எங்களுக்கு வலித்தது ஆரம்பம்தான். காவிரிப் பாலத்தின் மேல் நாங்கள் உயிரைக் கொடுத்து எடுத்த விடியல் ஷாட்கள் ஓடும்போதே நிறையப் பேர் போய்விட்டார்கள். அடுத்த வேலையில் பெயர், பாலம், சூரியன் எல்லாவற்றையும் முதல் ஆள் முகத்துக்குப் பின்னால்தான் வைப்பேன்.

இன்னொரு விஷயம், ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது. ஒருவர் உங்கள் வீடியோவை முதல்முறை பார்ப்பது ஒரே ஒரு தடவைதான். நாங்கள் முதல் வெர்ஷனையே தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டோம். திருத்திய பிறகு காட்டப் புது ஆட்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. பழையவர்களிடமே காட்டினால் அவர்களுக்குத்தான் கதை தெரியுமே, எல்லாம் புரிகிறது என்பார்கள். ஆகவே ஆட்களைப் பிரித்து வையுங்கள். கொஞ்சம் பேர் ரஃப் கட்டுக்கு, கொஞ்சம் பேர் அடுத்ததற்கு, இரண்டு மூன்று பேரைக் கடைசிவரை தொடாமல். கிரேடிங்குக்கும் ரெண்டருக்கும் முன்பே முதல் ஆட்களைக் கூப்பிடுங்கள், அப்போதுதான் வெட்ட மனசு வரும். நண்பர்களின் நண்பர்கள், ஹாஸ்டல் மெஸ் அண்ணன், பஸ்ஸில் கூட வருபவர் என்று உங்களைப் புண்படுத்திவிடுவோமோ என்கிற கவலை இல்லாதவர்களாகப் பாருங்கள். பார்க்கும்போது பக்கத்தில் நின்று விளக்கம் கொடுக்காதீர்கள், என்னால் முதலில் அது முடியவே இல்லை. ஒருதரம் சத்தத்தை நிறுத்திவிட்டும் காட்டுங்கள். பாட்டு வரிகள் இல்லாமல் படம் மட்டும் எவ்வளவு சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

ரெக்கார்டுக்கு என்ன வைப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒவ்வொரு வெர்ஷனையும் தேதி போட்டுத் தனித்தனியாக வையுங்கள், ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் ஃபைனல்’ என்று பெயர் வைத்தால் எங்களைப் போல எந்த எண்டிங் எதில் இருக்கிறது என்று தேடி ஒரு இரவு போகும். கருத்துகளை அவர்கள் எழுதிய பேச்சுமொழியிலேயே, திருத்தாமல், பெயரை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு ஸ்டில், மாற்றிய பின் ஒரு ஸ்டில், நடுவில் அதற்குக் காரணமான ஒரு வரி. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் எங்கள் பை சார்ட்களைப் புரட்டவே இல்லை. கறுப்பாக இருந்த சைக்கிள் ஸ்டில்லையும் வெளுத்த சைக்கிள் ஸ்டில்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், அதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசினார். மாலை போட்ட படம் இருந்த வெர்ஷனையும் போட்டுக் காட்டச் சொன்னார். சூப்பர்வைசர் சொன்னதை ஏன் ஏற்கவில்லை என்று கேட்டார், சொன்னேன்.

பணக் கணக்கு கேட்பவர்களுக்கு: பட்ஜெட் போடும்போது ஷூட்டிங்குக்கே எல்லாவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது, ஆட்கள் பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகு தொடுவதற்கென்று தனியாக வையுங்கள். அதைத் தொடுவதற்கு முன் ரஷ்ஷஸ் முழுவதையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், கழித்துப்போட்டதில் கிடைக்கிறதா என்று. அப்படியும் ரீஷூட்தான் வேண்டும் என்றால், தேதி குறிப்பதற்கு முன்னால் நடிகர்களுக்குப் போன் செய்து தலையில் முடி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.